ஏறிய படியில் இறங்கும் டிஜிமோன்கள்

டிஜிமோன் கதைகளில் வரும் உயிரினங்கள் ஓர் உருவத்தில் நிலைத்து நிற்பதில்லை. ஆபத்து வரும்போது முழங்கால் உயரப் பிராணி வீட்டைவிடப் பெரிய டைனோசராக மாறுகிறது. ஆபத்து நீங்கியதும் அதே வேகத்தில் சுருங்கிப் பழைய உருவுக்கு வந்துவிடுகிறது. மேலே போவதை ஆங்கிலப் பதிப்புகள் 'டிஜிவால்வ்' என்றும், கீழே வருவதை 'டி-டிஜிவால்வ்' என்றும் குறிப்பிடுகின்றன. ஜப்பானிய மூலத்தில் முன்னது 'ஷின்கா', பின்னது 'டைக்கா'. தமிழில் இவற்றைப் படியேற்றம், படியிறக்கம் எனலாம்.

படியேற்றத்துக்குத்தான் விளம்பரமும் இசையும் ரசிகர்களின் ஆரவாரமும். ஆனால் இந்தக் கதையுலகை மற்ற அரக்கர் சேகரிப்புக் கதைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது படியிறக்கம். 1997இல் ஒரு பொம்மையாகத் தொடங்கித் தொலைக்காட்சித் தொடர், திரைப்படம், வீடியோ கேம், சீட்டு விளையாட்டு என்று டிஜிமோன் பரவியபோது, ஒவ்வொரு வடிவமும் ஒரே கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது: உருவம் இறங்கும்போது அந்த உயிரிடம் எது மிஞ்சுகிறது?

ஆறு படிகள்

டிஜிமோன் என்பது கணினித் தரவுகளால் ஆன உயிர். முட்டையிலிருந்து வெளிவரும் அது ஆறு நிலைகளைக் கடக்கக்கூடியது. முதல் இரண்டும் குழந்தை நிலைகள். அடுத்து சிறுவர் நிலை, வளர்ந்தோர் நிலை, நிறைவு நிலை, கடைசியாக உச்ச நிலை.

மிகப் பிரபலமான உதாரணம் அகுமோன். முட்டையிலிருந்து கறுப்பு உரோம உருண்டையாக வருவது போட்டாமோன். அது இளஞ்சிவப்பு நிறத் தலை மட்டுமே உடலாக உள்ள கோரோமோனாகிறது. பிறகு மஞ்சள் நிறக் குட்டி டைனோசரான அகுமோன். அதன்பின் கொம்பு முளைத்த பெரிய கிரேமோன். பாதி உடல் இயந்திரமாகிவிட்ட மெட்டல்கிரேமோன். முடிவில் கவசமணிந்த வீரனைப் போன்ற வார்கிரேமோன்.

இதைப் பரிணாமம் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. உயிரியல் சொல்லும் பரிணாமமோ பல தலைமுறைகளில் ஓர் இனத்துக்கு நடப்பது. தனி உயிருக்கு நடப்பதன்று. டிஜிமோனுக்கு நடப்பது புழு வண்ணத்துப்பூச்சியாவதைப் போன்ற உருமாற்றம். வண்ணத்துப்பூச்சி மறுபடி புழுவாவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இயற்கையில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 'டுரிடாப்சிஸ் டோர்னி' என்னும் சிறிய ஜெல்லி மீன் அடிபட்டாலோ பட்டினி கிடந்தாலோ தன் முதிர்ந்த உடலைச் சுருக்கி, கடலடியில் ஒட்டி வாழும் இளம் நிலைக்கே திரும்பிவிடும். அங்கிருந்து மறுபடி வளரும். டிஜிமோனின் படியிறக்கத்துக்கு உயிருலகில் மிக அருகில் வரும் நிகழ்வு இதுதான்.

திரும்ப வழியில்லாத பொம்மை

பண்டாய் நிறுவனம் 1996 நவம்பரில் வெளியிட்ட தமகோச்சி, கையடக்கத் திரையில் வளர்க்கும் செல்லப்பிராணியாக ஜப்பானைக் கலக்கியது. அதன் வெற்றியைத் தொடர்ந்து, சிறுவர்களை மனத்தில் வைத்து அதே நிறுவனம் 1997 ஜூனில் 'டிஜிட்டல் மான்ஸ்டர்' என்ற பொம்மையைக் கொண்டுவந்தது. இரண்டு பொம்மைகளை ஒன்றோடொன்று இணைத்துப் பிராணிகளைச் சண்டையிட வைக்கலாம் என்பது இதன் புதுமை.

அந்தப் பொம்மையில் படியிறக்கம் என்பதே கிடையாது. வேளைக்கு உணவு கொடுத்து, கழிவை அகற்றி, பயிற்சி தந்து, விளக்கணைத்துத் தூங்கவைத்தால் அகுமோன் கிரேமோனாகும். கவனிக்காமல் விட்டால் நியூமேமோன் என்ற, யாரும் ஆசைப்பட்டு வளர்க்காத, கொழகொழவென்ற பச்சைப் பிராணியாகும். கிரேமோனாகும் வாய்ப்பைத் தவறவிட்டவர் அகுமோனுக்கே பின்வாங்கி மறுபடி முயல வழியில்லை. பிராணி சாகும்வரை வளர்த்துவிட்டு, அடுத்த முட்டையிலிருந்து தொடங்க வேண்டும். பழைய பிராணியின் எதுவும் புதியதில் மிஞ்சாது.

இதே காலத்தில் உலகை ஆட்கொண்ட போக்கிமோனும் ஒருவழிப் பாதையே. 1996 பிப்ரவரியில் வந்த முதல் விளையாட்டுகளிலிருந்தே, வளர்ந்துவிட்ட போக்கிமோன் பழைய உருவுக்குத் திரும்பாது. வேண்டாமென்றால் உருமாறும் தருணத்தில் பொத்தானை அழுத்தி அதைத் தடுக்கலாம். நடந்து முடிந்ததை மாற்ற முடியாது. விதிவிலக்குகள் சில உண்டு. ஸ்லோபுரோவின் வாலைக் கவ்வியிருக்கும் சிப்பிப் பிராணி கழன்றுவிட்டால் அது மறுபடி ஸ்லோபோக் ஆகிவிடும் என்று போக்கிமோன் கையேடு சொல்கிறது. சீட்டு விளையாட்டில் எதிரியைக் கீழிறக்கும் சீட்டுகள் இருக்கின்றன. 2013இல் அறிமுகமான மெகா பரிணாமம் சண்டை முடிந்ததும் கலைந்துவிடும். ஆனால் சாதாரண வளர்ச்சி நிரந்தரமானது. டிஜிமோன் இந்த இடத்தில்தான் வேறு பாதையில் சென்றது.

தொடரில் பிறந்த விதி

டோயி அனிமேஷன் தயாரித்த 'டிஜிமோன் அட்வென்ச்சர்' 1999 மார்ச் 7இல் ஃபுஜி தொலைக்காட்சியில் தொடங்கி, 54 பகுதிகளாக ஓராண்டு ஒளிபரப்பானது. கோடை முகாமுக்குப் போன 7 சிறுவர் சிறுமியர் டிஜிட்டல் உலகுக்குள் இழுக்கப்படுகிறார்கள். அங்கே ஒவ்வொருவருக்காகவும் ஒரு டிஜிமோன் காத்திருக்கிறது.

பொம்மையின் விதி இங்கே பொருந்தாது. பொம்மையில் பல நாள்களில் நடக்கும் வளர்ச்சி, தொடரில் சில வினாடிகளில் நடந்தாக வேண்டும். ஒருமுறை கிரேமோனான துணை கிரேமோனாகவே இருந்துவிட்டால் அடுத்த வாரச் சண்டையில் என்ன பதற்றம் இருக்கும்? சிறுவன் தோளோடு தோள் நடக்கவும், அவனோடு உட்கார்ந்து சாப்பிடவும் முடிகிற உருவம் அகுமோனுடையது. கிரேமோன் அதற்கு உதவாது. ஆகவே தொடரில் படியேற்றம் தற்காலிகமானது. அது நிகழ மூன்று காரணங்கள் கூடி வரவேண்டும்: துணையான மனிதருக்கு ஆபத்து, இருவருக்கும் இடையிலான பிணைப்பு, உடலில் மிச்சமிருக்கும் சக்தி. சக்தி தீர்ந்ததும் உருவம் இறங்கும்.

இரண்டாம் பகுதியிலேயே இது தெளிவாகிறது. கடற்கரையில் ஷெல்மோன் தாக்க, டைச்சி என்ற சிறுவனைக் காப்பாற்ற அகுமோன் முதன்முறையாகக் கிரேமோனாகிறது. ஷெல்மோனைத் தூக்கிக் கடலுக்குள் எறிந்த கையோடு சுருங்கி, களைத்துப்போன அகுமோனாக மணலில் நிற்கிறது. ஏறும்போது திரை முழுக்க ஒளியும் பாட்டுமாக, வாரந்தோறும் திரும்பத் திரும்பக் காட்டப்படும் நீண்ட காட்சி. இறங்கும்போது ஒரு மின்னல் மட்டும். ஆனால் அதே டிஜிமோன், அதே நினைவோடு, அதே நண்பனிடம் திரும்புகிறது. உருவம் போகும், உறவு மிஞ்சும் என்பதுதான் தொடர் வகுத்த அடிப்படை விதி.

எவ்வளவு உயரம் ஏறியது என்பதைப் பொறுத்து இறக்கமும் ஆழமாகிறது. வளர்ந்தோர் நிலையிலிருந்து சிறுவர் நிலைக்கு வருவது சாதாரணம். நிறைவு நிலைக்கும் உச்ச நிலைக்கும் போய்வந்தால் பெரும்பாலும் சிறுவர் நிலையையும் தாண்டிக் குழந்தை நிலைக்கே போய்விடும். மெட்டல்கிரேமோனாகி எடேமோன் என்ற எதிரியை வீழ்த்திய பிறகு டைச்சியின் கையில் மிஞ்சுவது கோரோமோன். அடுத்த பகுதியான 21இல் இருவரும் டோக்கியோவின் ஒடாய்பா பகுதியில் வந்து விழுகிறார்கள். வீட்டில் காய்ச்சலோடு இருக்கும் தங்கை ஹிகாரி, கோரோமோனைப் பார்த்ததும் அடையாளம் கண்டு பேசுகிறாள். மமோரு ஹோசோடா இயக்கிய அந்தப் பகுதியில் பெரிய சாகசம் குறைவு. சண்டைக்கு உதவாத, மடியில் வைத்துக்கொள்ளத்தக்க ஒரு குட்டியோடு வீடு திரும்பிய சிறுவன் எங்கே தங்கப்போகிறான் என்ற கேள்விதான் அதன் மையம். படியிறக்கம் இல்லாவிட்டால் அந்தக் கதையே அமைந்திருக்காது.

தவறான ஏற்றம், தண்டனையான இறக்கம்

படியிறக்கம் ஓய்வாக மட்டுமே வருவதில்லை. 16ஆம் பகுதியில் அது பாடமாகிறது. தன் டிஜிமோன்தான் முதலில் நிறைவு நிலையை அடைய வேண்டும் என்ற வெறி டைச்சிக்கு. அகுமோனுக்கு வயிறு முட்ட முட்ட ஊட்டுகிறான். ஒரு பாழடைந்த அரங்கில் எதிரியின் ஆளாக இன்னொரு கிரேமோன் வந்து நிற்கிறது. அளவுக்கு மீறித் தின்ற தன் கிரேமோன் அசைய முடியாமல் திணற, ஆபத்தில் மாட்டினால் அது படியேறிவிடும் என்று கணக்குப் போட்டு டைச்சி எதிரியின் முன்னால் தானே ஓடுகிறான்.

கணக்குப் பலிக்கிறது, ஆனால் வந்து நிற்பது மெட்டல்கிரேமோன் அல்ல, எலும்புக்கூடாக எழுந்த ஸ்கல்கிரேமோன். எதிரியை நொறுக்கிய பிறகும் அதன் வெறி அடங்காமல் நண்பர்களையே தாக்குகிறது. யாராலும் அதை நிறுத்த முடியவில்லை. சக்தி தீர்ந்துபோனதால்தான் அது நிற்கிறது. கீழே கிடக்கும் கோரோமோன், தன் மீது இருந்த எதிர்பார்ப்பை நிறைவேற்ற முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் டைச்சி என்பது பார்க்கும் குழந்தைக்குக்கூடப் புரிந்துவிடும். மூன்று படி கீழே விழுந்த அந்தச் சிறிய உருவம், அவசரப்பட்டு ஏற்றியதன் விலை.

2001இல் வந்த 'டிஜிமோன் டேமர்ஸ்' தொடரிலும் இதே வகைச் சம்பவம் இன்னும் கசப்பாக வருகிறது. தோழியின் துணையான லியோமோன் கொல்லப்பட்ட கோபத்தில் டகாட்டோ என்ற சிறுவன் தன் துணையான கில்மோனை மேலே மேலே ஏறு என்று கட்டளையிட, அது மெகிட்ரமோன் என்னும் பேரழிவு உருவமாகிறது. சிறுவன் தன் கோபத்தை உணர்ந்து வருந்திய பிறகே அது கில்மோனாக இறங்குகிறது. இங்கே இறக்கம் மீட்சியாகிறது.

முட்டைவரை

இறங்கும் பாதையின் கடைசி இடம் முட்டை. முதல் தொடரின் 13ஆம் பகுதியில், டகேரு என்ற சிறுவனின் துணையான படாமோன் முதன்முறையாக ஏஞ்சமோனாகிறது. எதிரியான டெவிமோனை அழிக்கத் தன் சக்தி முழுவதையும் ஒரே அடியில் செலவிட்டு, சிறகுகளாகச் சிதறி மறைகிறது. அந்தச் சிறகுகள் சேர்ந்து முட்டையாகின்றன. முட்டை பொரிந்து பொயோமோன் வருகிறது. அது டோகோமோனாகி, மறுபடி படாமோனாகிறது. டகேருவை அது மறக்கவில்லை. மரணம்கூட ஒரு நீண்ட படியிறக்கம்தான் என்பது இந்தத் தொடரின் பார்வை. இறந்த டிஜிமோன்கள் முட்டைகளாக வந்து சேரும் 'தொடக்க ஊர்' ஒன்றும் உண்டு; அங்கே குஞ்சுகளைப் பராமரிப்பது எலெக்மோன்.

பிற தொடர்கள் இந்த விதியைத் தம் போக்குக்கு வளைத்துக்கொண்டன. 2002இல் வந்த 'ஃபிரான்டியர்' தொடரில், தோற்ற டிஜிமோனின் உடலைச் சுற்றித் தோன்றும் தரவுக் குறியை நாயகர்கள் தம் கருவியால் படித்தெடுக்க, அது முட்டையாகித் தொடக்க ஊருக்குப் பறக்கிறது. 2006இல் வந்த 'சேவர்ஸ்' தொடரில், மனித உலகில் கலகம் செய்து தோற்கும் டிஜிமோன் முட்டையாகிவிடும். டாட்ஸ் என்ற அமைப்பு அதைச் சொந்த உலகுக்குத் திருப்பி அனுப்பும். வில்லன்களைக் கொல்லாமல் தோற்கடிக்க இது கதாசிரியர்களுக்கு ஒரு வசதி. 'டேமர்ஸ்' அந்த வசதியை மறுத்தது. அங்கே இறந்தவை முட்டையாவதில்லை. வென்றவை தோற்றவற்றின் தரவை உறிஞ்சிக்கொள்ளும். லியோமோன் திரும்பி வராததற்கு அதுவே காரணம்.

இணைந்தவை பிரிதல்

2000இல் தொடங்கிய 'அட்வென்ச்சர் 02' இரண்டு டிஜிமோன்கள் ஒன்றாக இணைந்து படியேறும் முறையைக் கொண்டுவந்தது. வீமோனும் வார்ம்மோனும் வளர்ந்த உருவில் இணைந்தால் பைல்ட்ரமோன். கலையும்போது அவை வீமோனாகவும் வார்ம்மோனாகவும் அல்லாமல் அதற்கும் கீழே, சிபிமோனாகவும் மினோமோனாகவும் பிரிகின்றன. அதைவிடப் பெரிய இம்பீரியல்ட்ரமோன் கலைந்தால் முட்டை பொரிந்த முதல் நிலைக்கே, சிகோமோன், லீஃப்மோன் என்ற சிறு உருண்டைகளுக்கே போய்விடுகின்றன. உயரத்துக்கேற்ற விலை என்ற பழைய விதி இங்கே இன்னும் கறாராகிறது.

இதே தொடர் படியிறக்கத்தை அன்றாட வசதியாகவும் பயன்படுத்தியது. மனித உலகுக்கு வரும்போது வீமோன் சிபிமோனாகச் சுருங்கிவிடும். பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் பொம்மை என்று சொல்லிச் சமாளிக்கவும், பைக்குள் வைத்துத் தூக்கிச் செல்லவும் அந்த உருவம் ஏற்றது.

எதிரியோடு சேர்ந்து இறங்கிய நண்பர்கள்

படியிறக்கத்தை ஆயுதமாக்கியது 'டேமர்ஸ்' தொடரின் முடிவு. சியாகி கொனாகா தலைமையில் எழுதப்பட்ட இந்தத் தொடரில் கடைசி எதிரி டி-ரீப்பர். அளவுக்கு மீறிப் பெருகும் தரவுகளை அழிப்பதற்காக எழுதப்பட்ட எளிய நிரல் அது. காலப்போக்கில் தானே வளர்ந்து, டோக்கியோ நகரையே விழுங்கத் தொடங்குகிறது. அடித்து வீழ்த்த முடியாத அதை வெல்ல, அதன் வளர்ச்சியையே பின்னோக்கிச் சுழற்ற முடிவாகிறது. டெரியர்மோனின் உடலில் ஏற்றப்பட்ட நிரல் ஒன்று டி-ரீப்பரைப் படிப்படியாக அதன் பழைய, தீங்கற்ற நிலைக்கு இழுத்துச் செல்கிறது.

ஆனால் அந்த நிரலுக்கு எதிரி, நண்பன் என்ற வேறுபாடு தெரியாது. டிஜிமோன்களும் தரவுகளால் ஆனவைதாம். வெற்றிக் களிப்பு அடங்குவதற்குள் கில்மோன் கிகிமோனாகிறது, டெரியர்மோன் கும்மிமோனாகிறது, ரெனாமோன் போகோமோனாகிறது. அவை மனித உலகில் மேலும் தங்க முடியாமல் டிஜிட்டல் உலகுக்குள் இழுக்கப்படுகின்றன. நிரலை ஏற்றியவர் டெரியர்மோனின் துணையான சிறுவனுடைய தந்தை. அவருக்கு இந்த விளைவு முன்பே தெரியும்; மகனிடம் அவர் சொல்லவில்லை. முதல் தொடரின் விதி இங்கே தலைகீழாகிறது. நினைவு மிஞ்சுகிறது, உறவு அறுபடுகிறது.

நினைவும் போனால்

2015 நவம்பர் முதல் 2018 மே வரை 6 படங்களாக வந்த 'டிஜிமோன் அட்வென்ச்சர் டிரை' இதற்கு நேர்மாறான சோதனையைச் செய்தது. நோய் போலப் பரவும் ஒரு தொற்றைத் தடுக்க டிஜிட்டல் உலகமே அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரப்படுகிறது. உயர்நிலைப் பள்ளி வயதுக்கு வந்துவிட்ட பழைய நாயகர்கள் துணைகளைத் தேடிப் போகிறார்கள். குழந்தை நிலைக்கு இறங்கிவிட்ட அவை எவரையும் அடையாளம் காணவில்லை. மற்றவை மெல்ல ஒட்டிக்கொண்டாலும், நாயகர்களுள் ஒருத்தியான சோராவின் துணை அவளை அருகில் சேர்க்க மறுக்கிறது. அன்பைப் பழைய நினைவுகளின் பலத்தில் கேட்டுப் பெற முடியாமல், புதிதாகவே சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. பழைய நினைவு இல்லாமலேயே அந்த டிஜிமோன்கள் மறுபடி உச்ச நிலைவரை ஏறுகின்றன. படியேறக் காரணம் நினைவா, பிணைப்பா என்ற கேள்விக்கு அந்தப் படங்கள் பிணைப்பு என்றே விடை சொல்கின்றன.

2020 பிப்ரவரியில் வெளியான 'லாஸ்ட் எவல்யூஷன் கிசுனா' அந்தப் பிணைப்பின் எல்லையையும் காட்டியது. சிறுவர்கள் பெரியவர்களாகும்போது துணை டிஜிமோன்கள் மறைந்துவிடும் என்கிறது படம். கடைசிச் சண்டையில் அகுமோனும் இன்னொரு துணையான கபுமோனும் இதுவரை காணாத உருவத்துக்கு ஏறுகின்றன; சண்டை முடிந்து வழக்கம்போல் இறங்குகின்றன. அதற்குப் பின் ஏற்றம் இல்லை.

விளையாட்டுகளில் லாபக் கணக்கு

கதைகளில் இழப்பாக வரும் படியிறக்கம் வீடியோ கேம்களில் முதலீடாகிறது. 1999இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'டிஜிமோன் வேர்ல்டு' பொம்மையின் வழியையே பின்பற்றியது. துணைக்கு ஆயுள் வரையறை உண்டு. முடிந்ததும் ஆட்டக்காரர் வேறொரு முட்டையைத் தேர்ந்தெடுக்கிறார். ஆனால் முந்தைய பிறவியின் வலிமையில் ஒரு பகுதி புதிய குஞ்சுக்கு வந்துசேரும். பொம்மையில் எதுவும் மிஞ்சாத இடத்தில் இங்கே கொஞ்சம் மிஞ்சியது.

'டிஜிமோன் ஸ்டோரி' வரிசை இதை முழுமையான முறையாக்கியது. 2015இல் வந்த 'சைபர் ஸ்லூத்' விளையாட்டில் ஒரு டிஜிமோனை எப்போது வேண்டுமானாலும் கீழிறக்கலாம். இறக்கியதும் அதன் மட்டம் 1க்குப் போய்விடும். ஆனால் கற்ற திறன்களை வைத்துக்கொள்ளலாம்; திறமையைக் குறிக்கும் ஏபிஐ என்ற எண்ணும் கூடும். அந்த எண் கூடக் கூட, டிஜிமோன் எட்டக்கூடிய மட்டத்தின் உச்சவரம்பு உயரும். சில வலிமையான உருவங்களை அடைய ஏபிஐ குறிப்பிட்ட அளவு இருந்தே தீர வேண்டும். எனவே நேராக மேலே ஏறியவர் பாதியில் நிற்பார். ஏறி இறங்கி, வேறு கிளையில் ஏறி, மறுபடி இறங்கி வந்தவரிடம் இருப்பதே பலமான அணி. கீழே வருவதை வெட்கமாகக் கருதாமல் திட்டமாக வைத்துக்கொள்ளும் இந்த முறையில், ஒரே டிஜிமோன் பல உருவங்களின் திறன்களைச் சேர்த்துக்கொண்டே போகிறது.

2022இல் வந்த 'டிஜிமோன் சர்வைவ்' தொலைக்காட்சித் தொடரின் விதிக்கு நெருக்கமானது. சண்டையில் மேல் உருவத்தில் இருக்கும்வரை ஒவ்வொரு சுற்றிலும் சக்தி கரைந்துகொண்டிருக்கும். சண்டை முடிந்தால் துணைகள் சிறுவர் நிலைக்கு வந்துவிடும். எப்போது ஏறுவது என்பது கதைக்கு மட்டுமின்றி ஆட்டக்காரரின் கணக்குக்கும் உரிய கேள்வியாகிறது.

சீட்டு அடுக்கில்

படியிறக்கத்தைக் கண்ணால் பார்த்துக் கையால் தொட முடிவது 2020இல் தொடங்கிய டிஜிமோன் சீட்டு விளையாட்டில். அடியில் முட்டைச் சீட்டு. அதன் மேல் 3ஆம் நிலைச் சீட்டு. அதன் மேல் 4, 5, 6 என்று ஒவ்வொரு படியேற்றமும் ஒரு சீட்டாக அடுக்கப்படுகிறது. அடியில் போன சீட்டுகள் வீணல்ல. அவற்றின் கீழ் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் சிறப்புப் பலன் மேலே நிற்கும் டிஜிமோனுக்கும் வந்துசேரும்.

எதிராளி படியிறக்கச் சீட்டைப் பயன்படுத்தினால் அடுக்கின் உச்சியிலிருந்து, அதில் குறிப்பிட்ட எண்ணிக்கைவரை சீட்டுகள் கழிக்கப்படும். வார்கிரேமோன் போனால் அடியிலிருந்த மெட்டல்கிரேமோன் வெளியே தெரியும். மேல் சீட்டின் வலிமை போய்விடும். கீழ்ச் சீட்டுகளின் பலன்கள் அப்படியே இருக்கும். ஆயினும் இந்த இறக்கத்துக்கு ஒரு தரை உண்டு. அடியில் வேறு சீட்டு இல்லாவிட்டாலோ, 3ஆம் நிலைக்கு, அதாவது சிறுவர் நிலைக்கு, வந்துவிட்டாலோ அதற்குக் கீழே இறக்க முடியாது. எதிராளியின் சீட்டு எத்தனை எண்ணிக்கை சொன்னாலும் அகுமோன் களத்திலேயே இருக்கும். உரியவர் தம் முறை வந்ததும் அதன் மேல் அடுத்த சீட்டை வைத்து மறுபடி ஏற்றலாம்.